ஊருக்குப் போகிறவர்களுக்கு: இனவாதத்தை எங்கே கவனிப்பது

வெளிநாட்டிலிருந்து இலங்கைக்குப் போய், கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி வவுனியாவை நெருங்கும் வரை நீங்கள் காணும் ஆட்களில் பெரும்பாலானோர் சிங்களவர்கள். வான் சாரதி, தேநீர்க்கடைக்காரர், ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் என்று எல்லாரையும் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு போனால், உண்மையில் கவனிக்க வேண்டியது கண்ணில் படாமல் போகும். இனவாதத்துக்கு அமைப்பு உண்டு, மேடை உண்டு, நாளும் இடமும் உண்டு. பார்க்க வேண்டியவை அவைதான்.

2014 யூனில் அளுத்கமயில் பொதுபல சேனா என்ற சிங்கள பௌத்த கடும்போக்கு அமைப்பின் கூட்டம் முடிந்த கையோடு முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. 2018 மார்ச்சில் கண்டிக்குப் பக்கத்தில் திகனயில் எரிந்தன. இரண்டு இடத்திலும் முதலில் நடந்தது ஒரு வீதித் தகராறு. அதை ஊதிப் பெருப்பித்தவர்கள் பிறகு வந்தார்கள். ஆகவே பட்டப்பகலில் கடைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்தப்பட்டால், ஒலிபெருக்கியோடு கூட்டம் சேர்ந்தால், வீடியோ எடுக்க நிற்க வேண்டாம். உடனே அந்த இடத்தை விட்டு விலகுங்கள். வட்ஸ்அப்பில் வரும் படத்தை யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். திகனக் கலவரத்தின்போது பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. உறவினர் இலக்கங்களை ஒரு தாளிலும் எழுதி வைத்திருங்கள். பொலிஸ் அவசர இலக்கம் 119.

வடக்கில் வழிபாட்டிடமும் காணியும் பிரச்சினையாக இருக்கும் குருந்தூர்மலை, வெடுக்குநாறிமலை, தையிட்டி ஆகிய இடங்களுக்குப் போக விரும்பினால் அன்றைய நிலைமையை ஊர்க்காரரிடம் முதலில் கேளுங்கள். 2024 சிவராத்திரியன்று வெடுக்குநாறிமலையில் வழிபட்டவர்களில் எட்டுப் பேர் கைதானார்கள். தையிட்டியில் காணிக்காரர்கள் போயா (பௌர்ணமி) நாட்களில், தங்கள் காணியில் கட்டப்பட்ட விகாரைக்கு முன்னால் போராடுவது வழக்கம். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அது காணி பிடிப்பதற்குத் துணைபோகும் அதிகாரத்தின் மேலும் அதற்குப் பின்னால் நிற்கும் அமைப்புகளின் மேலும் இருக்க வேண்டியது. குருநாகலிலிருந்து பஸ்ஸில் கும்பிட வந்த குடும்பத்தின் மேல் அல்ல. எந்த விகாரையிலும் புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்காதீர்கள். புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியவர்கள் கையை மூடிக்கொள்ளுங்கள். 2014இல் அப்படிப் பச்சை குத்தியிருந்ததற்காகவே ஒரு பிரித்தானியப் பயணி திருப்பி அனுப்பப்பட்டார்.

போனில் என்ன இருக்கிறது என்று புறப்பட முன்னரே பாருங்கள். விடுதலைப் புலிகள் அமைப்பு இலங்கையில் தடை செய்யப்பட்டது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் இளைஞர்களின் பேஸ்புக் பதிவுகளுக்கும் பாய்ந்திருக்கிறது. மே 18 (முள்ளிவாய்க்கால் நினைவு நாள்), நவம்பர் 27 (மாவீரர் நாள்) நாட்களில் இறந்தவருக்கு விளக்கேற்றுவது வேறு, புலிகளின் கொடியும் சின்னமும் வேறு. நீங்கள் காசு கொடுத்த அமைப்பு இலங்கை அரச வர்த்தமானியின் தடைப்பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பொலிஸ் நிலையத்தில் அதிகம் பிழை விடுவது ஒரு இடத்தில்தான்: சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தை வாசிக்காமல் கையெழுத்து வைப்பது. 1987இன் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழி. "மட்ட சிங்ஹல தேரென்னே நே" (எனக்குச் சிங்களம் விளங்காது) என்று அமைதியாகச் சொல்லி, தமிழில் கேளுங்கள். கைதானால் காரணத்தைச் சொல்லும்படி கேளுங்கள், தூதரகத்துக்கு அறிவிக்கச் சொல்லுங்கள். இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்குத் தூதரகம் உதவுவது கடினம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதென்றால் கைதுசெய்தவர்கள் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும்; வீட்டார் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம். அடிப்படை உரிமை வழக்கை உயர் நீதிமன்றத்தில் (Supreme Court) ஒரு மாதத்துக்குள் போட வேண்டும்.

எங்கள் வாயும் கவனம். "சிங்களவன் எல்லாம் இப்பிடித்தான்", "முஸ்லிம் ஆக்களை நம்பேலாது" என்று வானுக்குள் கதைப்பது சாரதிக்கு விளங்கும்; பின்னால் இருக்கும் பிள்ளைகளுக்கும் விளங்கும். 1983 யூலைக் கலவரத்தில் தமிழரைத் தங்கள் வீட்டில் ஒளித்து வைத்த சிங்களக் குடும்பங்களும் இருந்தன. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களைத் துரத்தியது எங்கள் பெயரில் நடந்தது. முஸ்லிம்கள் வாழும் யாழ்ப்பாணம் சோனகதெருவில் சாமான் வாங்கும்போது அதை நினைவில் வைத்திருங்கள்.

சோதனைச் சாவடியில் நிற்பவர் பெரும்பாலும் இருபது வயதுப் பொடியன். "மல்லி" என்றால் சிங்களத்தில் தம்பி. "அய்யா" என்றால் சிங்களத்தில் அண்ணன். ரயிலில் யாராவது போரைப் பற்றிக் கேட்டால் உங்கள் வீட்டுக்கு நடந்ததைச் சொல்லுங்கள், அவர் வீட்டுக்கு நடந்ததையும் கேளுங்கள். குரல் உயர்ந்தால் எழுந்து அடுத்த பெட்டிக்குப் போய்விடுங்கள்.