இறக்குமதித் தடையை வாசிப்பது எப்படி: இலங்கையை வைத்து ஒரு வழிகாட்டி

ஒரு நாடு உலகச் சந்தையிலிருந்து ஒதுங்குவதை அறிய மேடைப் பேச்சை விட்டுவிட்டு அரசிதழான வர்த்தமானியைப் பாருங்கள். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் தீர்வை கூடியதா, அனுமதிப்பத்திரம் கேட்கிறார்களா, முழுத் தடையா என்று பிரித்துக் குறியுங்கள். தீர்வையால் அரசுக்கு வருமானம். அனுமதிப்பத்திரத்தால் அதை வழங்குபவருக்குச் செல்வாக்கு. முழுத் தடையில் கடத்தல்காரருக்கு இலாபம்.

அடுத்து, அந்நியச் செலாவணிக் கையிருப்பை மாதச் சராசரி இறக்குமதிச் செலவால் வகுங்கள். விடை மூன்று மாதத்துக்குக் கீழே போனால், உள்ளூர் உற்பத்தி பற்றி என்ன சொன்னாலும் தடைக்குப் பின்னால் டொலர் தட்டுப்பாடு இருக்கிறதா என்று தேடுங்கள். 2021 இறுதியில் கையிருப்பு சுமார் 3.1 பில்லியன் டொலர். அந்த ஆண்டின் இறக்குமதி சுமார் 20.6 பில்லியன். இரண்டு மாதத்துக்குக்கூடக் காணாது. அந்தக் கையிருப்பிலும் ஏறத்தாழப் பாதி சீனாவுடனான நாணயப் பரிமாற்ற (swap) ஒப்பந்தத்தில் வந்த யுவான். நினைத்தபடி எடுத்துச் செலவழிக்க முடியாத பணம். மொத்தத் தொகையை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

தடைபட்டது நுகர்பொருளா, மூலப்பொருளா? உள்ளூரில் விளைய எத்தனை மாதம்? மஞ்சள் நட்டு எடுக்க எட்டு, ஒன்பது மாதம் ஆகும். விதைக்கிழங்கு பெருகுமுன்னே இறக்குமதியை நிறுத்தியதால் 2020இல் விலை பல மடங்கு ஏறியது. இராமேஸ்வரம், மண்டபம் பக்கமிருந்து மஞ்சள் மூட்டைகள் படகில் கடந்தன. மூலப்பொருளில் கைவைத்தால் சேதம் இன்னும் பெரிது. 2021 மே மாதம் இரசாயன உரத்தைத் தடுத்தார்கள். மாற்று உரம் போதிய அளவு இல்லை. நெல்லும் தேயிலையும் அடிவாங்கின. விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள், நவம்பரில் தடையை விலக்கினார்கள். அதற்குள் முக்கிய நெற்பருவமான பெரும்போகத்தின் விதைப்புக் காலம் வந்துவிட்டது.

அரசியல் விளைவைக் கணிக்க, யாருக்கு இலாபம், யாருக்கு நட்டம் என்று மாவட்டவாரியாக எழுதுங்கள். 1970–77 மூடிய பொருளாதாரத்தில் தெற்கு பாண் வரிசையில் நின்றது. யாழ்ப்பாணத்துச் செத்தல் மிளகாய், வெங்காயச் செய்கையாளர் கையில் காசு புழங்கியது. 1977 தேர்தலில் ஆளும் சுதந்திரக் கட்சிக்கு 168 ஆசனங்களில் எட்டுத்தான். ஆனால் வடக்கும் அரசின் பக்கம் நிற்கவில்லை: தமிழ் மாணவருக்குப் பல்கலைக்கழக அனுமதியைக் கடினமாக்கிய தரப்படுத்தலும், சிங்களத்துக்கும் பௌத்தத்துக்கும் முதலிடம் தந்த 1972 அரசியலமைப்பும் மிளகாய் வருமானத்தைவிடக் கனமாக இருந்தன. தனிநாடு கேட்ட தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனம் பெற்று எதிர்க்கட்சியானது. ஆகவே அந்த அட்டவணையில் விலையோடு உரிமைக் குறைகளுக்கும் ஒரு நிரல் விடுங்கள்.

கதவைத் திரும்பத் திறக்கும்போதும் இதே கணக்கைப் போடுங்கள். 1977க்குப் பிறகு இறக்குமதி மிளகாயும் வெங்காயமும் வந்திறங்க, அதே செய்கையாளர்தான் முதலில் நொடிந்தனர்.