பொதுநல வழக்கு நடத்தும் அமைப்பில் தகவல் தொடர்பு வேலைக்குப் போகிறீர்களா?

சட்டம் படித்திருக்க வேண்டுமா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். வேண்டியதில்லை. ஆனால் ஒரு தீர்ப்பை முழுதாகப் படித்து, நீதிமன்றம் எதைச் சொன்னது, எதைத் தொடாமல் விட்டது என்று நாலு வரியில் எழுத வர வேண்டும். மனுவை விசாரணைக்கு ஏற்பது வேறு, இடைக்கால உத்தரவு வேறு, இறுதித் தீர்ப்பு வேறு. இடைக்கால உத்தரவு வந்த அன்றே வென்றுவிட்டோம் என்று அறிக்கை விட்டு, பிறகு அது ரத்தானால், உங்களை நம்பிச் செய்தி போட்ட நிருபர் அடுத்த முறை உங்கள் போனை எடுக்கமாட்டார்.

விண்ணப்பத்தோடு மாதிரி ஒன்று அனுப்புங்கள். ஏதாவது ஒரு தீர்ப்பை எடுத்து, பத்திரிகைக் குறிப்பாக ஒரு பக்கம், பாதிக்கப்பட்டவர்களுக்குப் புரியும்படி கேள்வி பதிலாக ஒரு பக்கம். சான்றிதழ்களைவிட இது உதவும்.

சேர்ந்த பிறகு, மனு தாக்கல் ஆவதற்கு முன்பே வழக்கறிஞர்களோடு உட்காரப் பழகுங்கள். நிலுவையிலுள்ள வழக்கைப் பற்றி வெளியே என்ன பேசலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும், நீதிமன்ற அவமதிப்பு வரைக்கும் போகலாம், அதனால் எந்த வரியும் அவர்கள் பார்க்காமல் வெளியே போகக் கூடாது. எல்லாவற்றையும் அடித்துவிடுகிறார்களா? மனுவில் இருக்கிற வாசகத்தையே எடுத்து எளிமையாக்கிக் காட்டுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

இந்த வேலையில் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம் கட்சிக்காரரின், அதாவது யாருக்காக வழக்கு நடத்துகிறோமோ அவரின், சம்மதம். தனக்காக வாதாட வழக்கறிஞருக்கு அதிகாரம் கொடுக்கும் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டவர் பேட்டிக்கும் சம்மதித்துவிட்டதாக அர்த்தமில்லை. பெயர், முகம், ஊர் என ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். இணையத்தில் போனதைத் திரும்ப எடுக்க முடியாது, பேட்டியில் சொன்னதை எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணையில் எடுத்துப் போடலாம், மறுத்தாலும் வழக்கு அப்படியே நடக்கும், இந்த மூன்றையும் அவர் மொழியில் சொல்லிவிட்டு யோசிக்க நேரம் கொடுங்கள். கதை எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் சரி, அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

நிருபர்களைச் செய்தி போடுபவர்களாக மட்டும் பார்க்காதீர்கள். 1979இல் பீகார் சிறைகளில் வருடக்கணக்காக அடைபட்டுக் கிடந்த விசாரணைக் கைதிகளைப் பற்றிப் பத்திரிகையில் வந்த செய்தியை வைத்துத்தான் வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றம் போனார். ஹுசைனாரா காத்தூன் வழக்கு என்று இன்றும் மேற்கோள் காட்டப்படுவது அதுதான். நிருபர் சொல்கிற ஒரு தகவலை வழக்கறிஞரிடம் கொண்டு சேர்ப்பதும் உங்கள் வேலை.

தீர்ப்பு நாளுக்கு மூன்று அறிக்கைகள் தயாராக இருக்கட்டும்: ஜெயித்தால், தோற்றால், பாதி கிடைத்தால். தீர்ப்பில் நீதிமன்றம் முடிவாக என்ன உத்தரவிடுகிறது என்று சொல்லும் உத்தரவுப் பகுதியைப் படிக்காமல் எதையும் அனுப்பாதீர்கள். முதல் போன் கட்சிக்காரருக்கு, அப்புறம்தான் ஊடகம்.

சிறிய அமைப்பென்றால் இணையதளம், நன்கொடையாளர் அறிக்கை எல்லாம் உங்கள் தலையில்தான். அதனால் நேர்காணலிலேயே இரண்டு விஷயம் கேட்டுவிடுங்கள்: வழக்கு ஆலோசனைக் கூட்டங்களில் உங்களுக்கு இடம் உண்டா, அறிக்கையில் கருத்து வேறுபாடு வந்தால் முடிவெடுப்பது யார்? இதற்குத் தெளிவான பதில் வராத இடத்தில், எல்லாம் முடிந்த பிறகு போஸ்டர் அடிக்க மட்டும்தான் உங்களைக் கூப்பிடுவார்கள்.