சிரட்டைக்கரியைக் காந்தத்தில் ஒட்ட வைத்த கதை

சாயத்தண்ணீரை வெளுக்க வைத்த கரித்தூளை வடிகட்டாமல் காந்தத்தாலேயே இழுத்தெடுக்கலாம் என்றுதான் தொடங்கினேன். 5 கிராம் சிரட்டைக்கரி, 5.4 கிராம் பெரிக் குளோரைட்டு, 2.8 கிராம் பெரஸ் சல்பேற்று (இரண்டும் இரும்பு உப்புகள்; பெரிக்குக்கும் பெரசுக்கும் இரும்பு அணுக்கள் 2:1 கணக்கு, அப்படிச் சேர்ந்தால் காந்தம் இழுக்கும் கறுப்பு இரும்பு ஒட்சைட்டு, அதாவது மக்னடைற்று, கரியில் படியும்), மேலே சொட்டுச் சொட்டாய் அமோனியா. மூன்று தடவையும் காவி நிறச் சேறுதான் வந்தது, காந்தம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இரும்புத்தாது கலந்த புல்மோட்டைக் கறுப்பு மணலைப் பார்த்து வளர்ந்தவன் எனக்கு இது ரோசமாய்ப் போய்விட்டது.

பிழை சல்பேற்றுப் போத்தலில். திருகோணமலை உப்புக்காற்றில் மூடி தளர்ந்து கிடந்து, பச்சைப் பளிங்கு மேலெல்லாம் பழுப்பேறி, பாதி பெரிக்காகவே மாறியிருந்தது, அப்போ 2:1 எங்கே நிற்கும்? புதுப் போத்தல் வாங்கினேன். தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஒட்சிசனை விரட்டி, மூடி ஆற வைத்தேன். அமோனியா விட்டு பிஎச் (கார அளவு) 10 தாண்டியதும் குப்பென்று கறுத்தது!

அப்புறம் கரியைக் கூட்டினால் சாயம் நன்றாகப் பிடிக்கும், இழுவை குறையும். எனக்கு 5 கிராமே சரி. உலர்த்துவது 60 பாகையில்தான், காற்றில் அதற்கு மேல் சூடாக்கினால் பழையபடி பழுப்பேறிவிடும்.