நிவாரண வேலை விதியை வாசிப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு செய்முறை

'வேலையில்லாதோருக்கு அரசு வேலை கொடுத்தது' என்று பாடநூல் ஒரு வரியில் முடித்துவிடும். என்ன நிபந்தனையோடு கொடுத்தது என்று, அதாவது நிவாரண வேலை விதியைப் பார்த்தால்தான், அந்த மனிதரைத் தொழிலாளியாக மதித்தார்களா, சந்தேகப்பட்டார்களா என்பது விளங்கும். உயர்தர வகுப்பில் வரலாறு படிக்கும் தம்பி தங்கைகள் முதலில் இங்கிலாந்து விதிகளில் பழகுங்கள், பிறகு கொழும்புக்கு வரலாம்.

படி 1: கொடுப்பவர் யார்?
இதில் அவசரப்படாதீர்கள். இங்கிலாந்தில் 1918 வரை வறியோர் நிவாரணம், அதாவது ஏழைகளுக்கென்று சட்டப்படி கொடுத்த உதவி, வாங்கியவர் வாக்குரிமையை இழந்தார். வேலை போனதற்கு இப்படியொரு தண்டனை! அதனால்தான் 1886 மார்ச்சில், உள்ளூராட்சிக்குப் பொறுப்பான அமைச்சர் ஜோசப் சேம்பர்லைன் வெளியிட்ட சுற்றறிக்கை முக்கியமாகிறது. வறியோர் நிவாரணத்தின் அவமானம் ஒட்டாதபடி, தெருவுக்குக் கல் பாவுதல், மைதானம் அமைத்தல் போன்ற வேலைகளை உள்ளூராட்சி சபைகளே கொடுக்கட்டும் என்றது அது.

படி 2: கூலியைத் தேடுங்கள்.
1852ஆம் ஆண்டு விதிப்படி, உடல்வலு உள்ள ஆணுக்கு நிவாரணத்தில் குறைந்தது பாதி உணவாகவோ விறகு, நிலக்கரியாகவோதான் கிடைக்கும். கையில் காசு கொடுக்க அவ்வளவு பயம். சேம்பர்லைனின் சுற்றறிக்கை கூலி என்றே பேசுகிறது. ஆனால் அதே வேலைக்கு வெளியே கிடைப்பதைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டுமாம், ஆள் சீக்கிரம் பழைய தொழிலுக்குத் திரும்புவதற்காக. இந்த வரியை அடிக்கோடிட்டு வையுங்கள்.

படி 3: வேலையால் யாருக்குப் பயன்?
கல் உடைப்பதும் பழைய கயிற்றைப் பிரித்து நார் எடுப்பதும் பெரும்பாலும் உண்மையிலேயே வழியில்லாதவரா என்று ஆளைச் சோதிக்கக் கொடுத்த வேலைகள். அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு வராமல் வட இங்கிலாந்தின் லங்காஷயர் பருத்தி ஆலைகள் மூடப்பட்டபோதோ, 1863இல் தனிச் சட்டம் இயற்றி, ஊருக்குப் பயன்படும் வேலைகளை நடத்தச் சபைகளுக்குக் கடன் கொடுத்தார்கள். ஓல்டம் நகரின் அலெக்சாண்ட்ரா பூங்கா அப்படி உருவானது. வேலையிழந்த ஆலைத் தொழிலாளர் உழைத்த இடம், இன்றும் இருக்கிறது.

படி 4: இனிக் கொழும்பு.
கொழும்பு 7, பிலிப் குணவர்தன மாவத்தையில் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போங்கள். 1939ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வறியோர் கட்டளைச் சட்டத்தை முதலில் கேளுங்கள். பிரிவு பிரிவாக, மேலே உள்ள மூன்று கேள்விகளையும் அதனிடம் கேளுங்கள். பதிலுக்குப் பக்கத்திலேயே பிரிவு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து அக்கால மாநகர சபை அறிக்கைகளைப் பாருங்கள். சட்டம் சொன்னதும் நடந்ததும் ஒன்றுதானா என்று அங்கேதான் ஒப்பிட முடியும்.