இளஞ்சிவப்புக் கல்லெல்லாம் ரோடோனைட் இல்லை

போன மாதம் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தம்பி, ஓடையில் எடுத்த கல்லோடு வந்தார். உள்ளங்கையில் பாதி அளவு, இளஞ்சிவப்பு, நடுநடுவே கறுப்பு. "அண்ணே, இது ரோடோனைட்தானே? போன்ல பார்த்தேன், அதே நிறம்."

எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இந்த நிறம்தான். ரோடோனைட் மங்கனீசு சிலிக்கேட் கனிமம், கொஞ்சம் கல்சியமும் சேர்ந்தது. கிரேக்க மொழியில் ரோஜாவுக்கு உள்ள சொல்லிலிருந்து 1819இல் இந்தப் பெயர் வந்தது. ஆனால் நம் மலைப் பாறையில் சாதாரணமாகக் கிடைக்கிற ஃபெல்ட்ஸ்பாரும் இதே நிறத்தில் வரும். கறுப்பையும் நம்ப முடியாது. ரோடோனைட்டின் கறுப்பு, மங்கனீசு ஒக்சைட்டு வெடிப்புகளில் படிந்து உண்டான கோடு. தம்பியின் கல்லில் இருந்த கறுப்பு நகத்தால் நெம்பியதும் ஏடு ஏடாக உரிந்தது. அது மைக்கா.

அடுத்தது, கத்தியால் கீறிப் பார்த்து முடிவு கட்டுவது. 1 முதல் 10 வரை போகிற மோஸ் கடின அளவில் ரோடோனைட்டின் கடினம் 5.5 முதல் 6.5 வரை, ஃபெல்ட்ஸ்பாருக்கு 6. இரண்டுமே கிட்டத்தட்ட செங்கோணத்தில் பிளக்கும். அப்புறம் கத்தி என்னத்தைச் சொல்லும்? கடினம் 4க்கு மேல் போகாத ரோடோகுரோசைட் என்ற இன்னொரு இளஞ்சிவப்பு மங்கனீசுக் கனிமத்தை வேண்டுமானால் அது பிரித்துக் காட்டும். சிலர் எலுமிச்சைச் சாறு ஊற்றிப் பார்க்கிறார்கள். ரோடோகுரோசைட் கார்பனேட்தான், அமிலம் பட்டால் நுரைக்கிற வகை, ஆனால் குளிர்ந்த, வீரியம் குறைந்த அமிலத்தில் நுரைக்காமலே இருந்துவிடும். நுரை வரவில்லை, அதனால் ரோடோனைட் என்று சொல்லிவிடாதீர்கள்.

நம்பக்கூடியது எடைதான். சமையலறை டிஜிட்டல் தராசு போதும். முதலில் கல்லை நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர்க் கோப்பையைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கி, கல்லை நூலில் கட்டி, முழுதும் முங்கும்படி, அடியிலும் பக்கத்திலும் படாமல் பிடியுங்கள். முதல் எடையை இப்போது காட்டும் எண்ணால் வகுத்தால் ஒப்படர்த்தி, அதாவது கல் தண்ணீரைப் போல் எத்தனை மடங்கு கனம் என்பது, வந்துவிடும். தம்பியின் கல் 52 கிராம், தண்ணீரில் 20. வகுத்தால் 2.6, ஃபெல்ட்ஸ்பார். ரோடோனைட்டாக இருந்தால் 3.4க்கும் 3.7க்கும் நடுவில் வந்திருக்கும். அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

இன்னொன்று, நம் மலைப் பாறை பூமிக்குள் அவ்வளவு வெந்து இறுகியது, அதனால் எதுவும் கிடைக்கும் என்ற எண்ணம். சூடும் அழுத்தமும் மட்டும் போதாது, மங்கனீசு நிறைந்த படிவும் வேண்டும். ரஷ்யாவின் யூரல் மலை, அவுஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் இரண்டும் அப்படிப்பட்ட இடங்கள். பாறையில் அலுமினியம் தாராளமாக இருந்தால் மங்கனீசு கார்னெட் என்ற வேறொரு கனிமத்துக்குள் போய்விடும். ரோட்டுக்கு வெட்டிய மலைச்சுவரில் சிவப்புப் பொட்டு பொட்டாகத் தெரிகிறதே, அது கார்னெட். அதை நின்று பாருங்கள், அதுவும் அழகுதான்.

சரி, கடையில் வாங்கிய உண்மையான ரோடோனைட் இருந்தால் தினமும் போடும் மோதிரமாக்க வேண்டாம். இடிபட்டால் பிளந்துவிடும். பதக்கம் நல்லது. கறுப்புக் கோட்டை அழுக்கென்று நினைத்து அமிலத்தில் ஊறவைக்கவும் வேண்டாம்.

ஆசை மிஞ்சி ஓடைக்கரையைத் தோண்டப் போகாதீர்கள். தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் இரத்தினக்கல் தோண்டுவது குற்றம். மழைக்காலத்தில் அந்தக் கரை ஆள் மேலேயே சரியும்.