ஆடிட்டர் ஆபீஸ் செப்டம்பரில் ஒரு சின்ன மாற்றம்: எங்கே தவறிவிடுகிறோம்?

ஆடிட்டர் ஆபீஸில் வேலை செய்பவர்களுக்கு செப்டம்பரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 7-ம் தேதி டிடிஎஸ் என்ற பிடித்த வரி, 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கு, 15-ம் தேதி அட்வான்ஸ் டாக்ஸ், 20-ம் தேதி 3பி என்ற மாத ஜிஎஸ்டி கணக்கு. இவற்றுக்கு நடுவே, 30-ம் தேதிக்குள் வரித் தணிக்கை அறிக்கைகளை ஏற்றி முடிக்க வேண்டும். கெடு நீட்டிக்கப்படும் என்ற பேச்சு ஒரு பக்கம் ஓடும், அதை நம்பி யாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. நான் இந்த வேலையில் 14 செப்டம்பர்களைப் பார்த்துவிட்டேன். முதல் பத்து வருடங்கள் ஒரே மாதிரிதான் போயின. இரவு பதினொன்றரைக்கு ஆபீஸை விட்டு இறங்குவேன், வழியில் பரோட்டா சாப்பிடுவேன், வீட்டுக்குப் போய்ப் படுத்தால் வயிறு கனத்துத் தூக்கம் வராது.

இந்த மாதத்தில் சாப்பாடு, தூக்கம் போன்ற பழக்கங்களில் எதையாவது ஒன்றை மாற்றினால் தேவலை என்று எல்லோருக்கும் தோன்றும். நல்ல எண்ணம்தான். ஆனால் பாதிப் பேர் மூன்றாவது நாளே விட்டுவிடுகிறார்கள். அதற்கு அவர்களுடைய சோம்பல் காரணமில்லை, தொடங்கிய விதம்தான் காரணம் என்பது நான் பார்த்தது.

எங்கள் ஆபீஸில் ஒரு தம்பி விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் தொடங்கினான். காலை ஐந்து மணிக்கு நடை, காபி கிடையாது, மதியம் கம்பங்கூழ், இரவு பத்துக்கு மேல் மொபைலைத் தொடக்கூடாது. நான்கையும் ஒன்றாக ஆரம்பித்தான். வேலை குறைந்த ஜூன் மாதத்தில்கூட நான்கையும் சேர்த்துக் காப்பாற்றுவது கடினம். அழுத்தும் மாதத்தில் ஒன்றுக்குத்தான் இடம் இருக்கிறது. எந்த ஒன்று என்பதை மட்டும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள்.

அந்த ஒன்றுக்கான நேரத்தைத் தூக்கத்திலிருந்து எடுப்பதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு. இரவு ஒரு மணிக்குப் படுத்தவர் நடைக்காக ஐந்து மணிக்கு எழுந்தால் அதில் ஆரோக்கியம் எதுவும் இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு 2003-ல் வெளியானது. 14 நாட்கள் இரவுக்கு 6 மணி நேரம் அல்லது அதற்கும் குறைவாகவே தூங்க விடப்பட்டவர்களின் கவனம், ஒன்றிரண்டு இரவுகள் முழுக்கக் கண் விழித்தவர்களின் அளவுக்கு இறங்கியிருந்தது. அதைவிடக் கவலை தருவது இன்னொன்று: தாங்கள் அவ்வளவு மோசமாகிவிட்டதாக அவர்களுக்கே தெரியவில்லை. நம் வேலையில் இது எண்களில் தெரியும். 54,630 என்பது 56,430 ஆக விழும். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எண் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பார் என்று ஆர்ட்டிகிள் பசங்களுக்கு, அதாவது ஆடிட்டர் பயிற்சிக்கு வந்திருப்பவர்களுக்கு, சொல்லித் தருவோம். 20-ம் தேதிக்கு மேல் அப்படிப்பட்ட வித்தியாசங்களைத் தேடியே ஒரு மணி நேரம் போய்விடும். தூக்கத்தில் மிச்சம் பிடித்த நேரத்தை அங்கே கொடுத்துவிடுகிறோம்.

சரி, அப்படியானால் எதை மாற்றுவது? நான் மாற்றியது இரவுச் சாப்பாட்டு நேரம். பதினொன்றரைக்குப் பதிலாக எட்டரைக்கு, ஆபீஸிலேயே. வேலை நேரத்தில் போவது வெறும் பதினைந்து நிமிடம், தூக்கத்திலிருந்து எதுவும் போகாது. அதிலும் முதல் வருடம் தடுமாறினேன். போனில் அலாரம் வைத்தேன். அது அடிக்கும்போது கை ஏதாவது ஒரு லெட்ஜரின் நடுவில் இருக்கும். இந்த ஒரு என்ட்ரி மட்டும் என்று அணைத்துவிடுவேன். பிறகு நினைவு வரும்போது மணி பத்து.

கடிகார நேரத்தை மட்டும் நம்புவது பலரும் செய்யும் தவறு. ஏற்கனவே தினமும் நடக்கிற ஒன்றோடு புதிய பழக்கத்தைக் கட்டிவிட்டால் அது நிற்கும். இன்னது நடந்தால் இன்னதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்வதைப் பற்றி பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களிலிருந்தே விரிவாக எழுதியிருக்கிறார். எனக்கு அந்த "இன்னது" கீழ்த்தளத்து ஜவுளிக்கடையின் ஷட்டர். எட்டரைக்கு அது தடதடவென்று இறங்கினால் மாடி முழுக்கக் கேட்கும். ஷட்டர் சத்தம் கேட்டால் சிஸ்டத்தை லாக் செய்துவிட்டு டப்பாவைத் திறப்பேன். அலாரத்தை அணைக்க முடியும், அந்தச் சத்தத்தை அணைக்க முடியாது.

டப்பா என்றதும் இன்னொன்று. சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று எதையும் விட்டுவைக்காதீர்கள். களைத்த மனிதனிடம் எட்டு மணிக்கு என்ன சாப்பிடலாம் என்று கேட்டால், பதில் போண்டா அல்லது பிஸ்கட் பாக்கெட். காலையில் மதியச் சாப்பாடு கட்டும்போதே இரண்டாவது டப்பாவையும் கட்டிவிட வேண்டும். நல்லெண்ணெயும் பொடியும் தடவிய இட்லி இரவு வரை தாங்கும். தயிர் சாதம் இந்த ஊர் வெயிலுக்குப் புளித்துவிடும்.

சொல்லாமல் செய்வதும் தவறு. முதல் வாரம் ஒளிந்து சாப்பிடுவது போல சாப்பிட்டேன், யாராவது கூப்பிட்டால் பாதியில் எழுந்து போனேன். பிறகு எங்கள் சீனியரிடமே போய், "சார், எட்டரைக்கு ஒரு கால் மணி நேரம் சாப்பிட்டுட்டு வந்துடறேன்" என்றேன். "அதுக்கென்னப்பா, போய்ட்டு வா" என்றார். அவ்வளவுதான். அதற்கு அப்புறம் அந்த நேரத்தில் யாரும் கூப்பிடவில்லை. இரண்டு ஆர்ட்டிகிள் பசங்களும் டப்பா கொண்டுவர ஆரம்பித்தார்கள்.

காபியைப் பற்றிச் சுருக்கமாக. அழுத்தமான மாதத்தில் திடீரென்று அடியோடு நிறுத்தாதீர்கள். பழகிய உடம்புக்கு ஒரு நாளுக்குள் தலைவலி வந்துவிடும், சிலருக்கு ஒரு வாரம் வரை நீளும். காஃபின் பாதியாகக் குறையவே பெரும்பாலோருக்கு ஐந்து மணி நேரம் அளவில் ஆகிறது. ஆறு மணிக் காபியில் பாதி பதினொரு மணிக்கும் உடம்பில் இருக்கும். கடைசிக் காபியை மூன்று மணிக்கு நகர்த்தினாலே போதும்.

ஒரு நாள் தவறியதும் எல்லாம் போச்சு என்று விட்டுவிடுவது இன்னொன்று. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரை 12 வாரங்கள் கவனித்தார்கள். ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர அவர்கள் கணக்குப்படி சராசரியாக 66 நாட்கள், ஆளைப் பொறுத்து 18 முதல் 254 வரை. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிதாகப் பாதிக்கவில்லை. ஆக, ஒரே செப்டம்பரில் எதுவும் படிந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். 29-ம் தேதி வருமான வரி போர்ட்டல் நகராமல் நிற்கும்போது டப்பா திறக்கப்படாமலே வீட்டுக்குப் போகும். போகட்டும், மறுநாள் மறுபடி கட்டுங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை. காலை ஆறு மணிக்கு எழுந்தவர் இரவு பதினொன்றுக்கு 17 மணி நேரம் விழித்திருக்கிறார். அந்த நிலையில் கை கண் ஒத்துழைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருடையதைப் போல இறங்குகிறது என்று 1997-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் வரம்பு 0.03 சதவீதம். பதினொன்றரைக்கு பைக்கை எடுக்கும் ஒவ்வொருவரும் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். கடைசி வாரத்தில் மட்டுமாவது ஆட்டோவில் போங்கள், அல்லது வீட்டிலிருந்து யாரையாவது வந்து கூட்டிப்போகச் சொல்லுங்கள்.

அப்புறம், எல்லாவற்றையும் ஒரு டப்பா இட்லியால் சரிசெய்ய முடியாது. நாள் கணக்கில் தூக்கமே வரவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, ஆபீஸ் வாசலில் நெஞ்சு படபடக்கிறது என்றால் அது பழக்கத்தை மாற்றும் விஷயம் இல்லை. கையில் இருக்கும் ஃபைல்களில் சிலவற்றை வேறொருவருக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள், டாக்டரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம்.

அக்டோபர் 1-ம் தேதி பலரும் டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார்கள். ஆனால் தணிக்கைக்கு உட்பட்டவர்களின் வருமான வரி ரிட்டர்னுக்கு அக்டோபர் 31 வரைதான் நேரம். நான் அந்த மாதமும் இரண்டு டப்பாவோடுதான் போகிறேன்.