ஒரு ஓபிக்கும் அடுத்த ஓபிக்கும் நடுவில் நோயாளியைக் கவனிப்பது எப்படி

ஹார்ட் ஃபெயிலியர் (இதயம் ரத்தத்தைச் சரியாக இறைக்க முடியாத நிலை) நோயாளியை ஓபியில், அதாவது வெளிநோயாளர் பிரிவில், பார்த்துவிட்டு ஒரு மாதம் கழித்து வரச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். அந்த ஒரு மாதத்துக்குள்தான் உடம்பில் நீர் கோத்து, மூச்சு முட்டி, ராத்திரி இரண்டு மணிக்கு கேஷுவால்டிக்குத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பெரும்பாலும் சில நாள் முன்பே அறிகுறி தெரிந்திருக்கும், கேட்கத்தான் ஆள் இருந்திருக்காது. வாட்ஸ்அப்பில் நாலைந்து கேள்வி அனுப்பினால் அதைப் பிடிக்கலாம்.

கேள்வி எழுதும் முன்பே, வரும் பதிலை தினமும் யார் படிப்பது, அவர் லீவு என்றால் யார் என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் 766 புற்றுநோய் நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வில், அறிகுறிகளை இணையத்தில் பதிந்து வந்தவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ 5 மாதம் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்று 2017இல் முடிவு வந்தது. அங்கே ஒரு அறிகுறி மோசமானால் உடனே நர்சுக்கு மின்னஞ்சல் போனது.

கேள்வி நோயாளி பேசும் பேச்சில் இருக்க வேண்டும். "மூச்சுத்திணறல் உள்ளதா?" என்றால் பலர் இல்லை என்பார்கள், ஏனென்றால் மூச்சு வாங்கக்கூடாது என்று நடப்பதையே குறைத்திருப்பார்கள். அதற்குப் பதில், நேத்து ராத்திரி எத்தனை தலையணை வைச்சுப் படுத்தீங்க, மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தீங்களா, சாயங்காலம் செருப்போ கொலுசோ இறுக்குதா, போன வாரம் நிற்காம ஏறின மாடிப்படியை இப்பவும் ஏற முடியுதா என்று கேளுங்கள். மாத்திரை சாப்பிடுறீங்களா என்றால் எல்லோருமே ஆமாம் என்பார்கள். நீர் மாத்திரையை (உடம்பில் கோத்த நீரைச் சிறுநீராக வெளியேற்றுவது) எந்த நாள் விட்டீங்க என்று கேட்டுப் பாருங்கள், கல்யாணத்துக்குப் போன நாள், பஸ்ஸில் ஊருக்குப் போன நாள் எல்லாம் வரும்.

எடை முக்கியம். காலையில் கழிவறை போய் வந்ததும், சாப்பிடுவதற்கு முன், ஒரே மெஷினில். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அன்றைக்கே போன் செய்ய வேண்டும். இப்படி எந்தப் பதிலுக்கு என்ன செய்வது என்பதை டாக்டரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி மேஜையில் ஒட்டிவிடுங்கள். நெஞ்சு வலியோ கடும் மூச்சுத்திணறலோ வந்தால் இதில் பதில் போட்டுக் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிட வேண்டும் என்பது ஒவ்வொரு முறையும் மேலே முதல் வரியாக இருக்கட்டும்.

அப்புறம், பதில் நின்றுபோகும். அமெரிக்காவில் 1,653 ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேரை தினமும் ஒரு தானியங்கி எண்ணுக்குப் போன் செய்து பதில் சொல்லச் சொன்னார்கள், மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். போன் செய்யச் சொன்னவர்களில் 14 சதவீதம் பேர் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை, ஆறு மாத முடிவில் வாரம் மூன்று முறையாவது கூப்பிட்டவர்கள் 55 சதவீதம்தான். மறுபடி அட்மிட் ஆவதும் சாவும் குறையவில்லை என்று 2010இல் எழுதினார்கள். அதனால் ஐந்து கேள்விக்கு மேல் வேண்டாம், இரண்டு நாள் பதில் வரவில்லையா, நீங்களே கூப்பிடுங்கள். பதில் போடுவது அம்மாவா, வெளியூரில் இருக்கும் மகனா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, ஓபி நாள் வந்ததும் அந்தப் பதில்களை நோயாளி முன்னாலேயே திறந்து பாருங்கள். "பதினேழாம் தேதி மூணு தலையணை வைச்சிருக்கீங்களே, அன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டால்தான், முந்தின நாள் வீட்டில் நீர் கோக்க வைக்கும் உப்புக் கருவாட்டுக் குழம்பு வைத்தது வெளியே வரும்.